ஸ்ட்ராஸ்பர்க், நியூரம்பர்க், பிராக்: இரண்டு பேருக்கு இரண்டு இரவு

சித்தி மகள் கல்யாணமாகி ஃபிராங்க்பர்ட்டுக்குக் குடிவந்து எட்டு மாதம் ஆகிறது. போன வாரம் தொலைபேசியில் கேட்டாள்: "அக்கா, டிசம்பரில் எங்கள் இருவருக்கும் சேர்ந்தாற்போல் ஒரே ஒரு வார இறுதிதான் கிடைக்கும். கிறிஸ்துமஸ் சந்தை நடக்கும் பழைய ஊராக ஒன்று சொல்லுங்கள். அவர் ஸ்ட்ராஸ்பர்க் என்கிறார், நான் பிராக் என்கிறேன்." பஞ்சாயத்துக்குக் கூப்பிட்டால் சும்மா இருப்பேனா? மூன்றாவதாக நியூரம்பர்க்கைச் சொன்னேன். "அது நாஜித் தலைவர்கள்மீது நீதிமன்ற விசாரணை நடந்த ஊர் அல்லவா? அங்கேயா போகச் சொல்கிறீர்கள்?" என்றாள். அங்கே பிடித்த பேச்சு ஒன்றரை மணி நேரம் ஓடியது. மூன்று ஊருக்கும் நானும் கணவரும் வெவ்வேறு டிசம்பரில் போய்வந்திருக்கிறோம். அவளிடம் சொன்னதையும், அவசரத்தில் விட்டுப்போனதையும் சேர்த்து எழுதுகிறேன்.

வியன்னாவைப் பட்டியலில் சேர்க்கவே இல்லை. ஃபிராங்க்பர்ட்டிலிருந்து ரயிலில் ஆறரை மணி நேரம் ஆகும். போய் இறங்கினால் அரண்மனை, ஓவியக்கூடம், இசை அரங்கு, காபிக்கடை என்று நாலு நாள் கேட்கும் ஊர் அது. இரண்டு இரவுக்குள் அதைத் திணித்தால் இருவருக்கும் சண்டைதான் மிஞ்சும்.

முதலில் தேதியைத் தீர்மானியுங்கள், பிறகு ஊரைப் பேசலாம் என்றேன். இங்கே பலர் ஏமாறுவது இதில்தான். கிறிஸ்துமஸ் சந்தை என்றால் கிறிஸ்துமஸ் அன்று நடப்பது என்று நம் ஊர்க் கணக்கில் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அது திருவருகைக் காலத்தின் சந்தை, கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு வாரங்களுக்கு உரியது. நியூரம்பர்க்கில் டிசம்பர் 24 மதியம் இரண்டு மணிக்குக் கடையைக் கட்டிவிடுவார்கள். ஸ்ட்ராஸ்பர்க்கிலும் ஏறக்குறைய கிறிஸ்துமஸோடு முடிந்துவிடும்; கடைசி நாள் ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் முன்பின்னாக மாறும். 24 மாலை ஒரு ஜெர்மன் ஊரில் போய் இறங்கினீர்கள் என்றால், ஜன்னல்களில் விளக்கு எரியும், தெருவில் ஆள் இருக்காது. 25, 26 இரண்டு நாளும் விடுமுறை. பிரான்சின் மற்றப் பகுதிகளில் 26 வேலை நாள்தான், ஆனால் ஸ்ட்ராஸ்பர்க் இருக்கும் அல்சாஸில் அன்றும் விடுமுறை. ஜெர்மனியோடு இருந்த காலத்தின் மிச்சம் அது. பிராக்கில் மட்டும் சந்தை ஜனவரி 6, மூன்று அரசர்கள் திருநாள் வரை நடக்கிறது. ஆகவே உங்களுக்கு லீவு கிடைப்பது 24, 25, 26 என்றால் விவாதமே வேண்டாம், பிராக்குக்கு டிக்கெட் எடுங்கள். டிசம்பர் முதல் அல்லது இரண்டாம் வாரம் என்றால் மேலே படியுங்கள்.

இரண்டாவது கேள்வி, எங்கே படுப்பது. பகல் பதினொன்று முதல் இரவு எட்டு மணி வரை சனிக்கிழமையில் மூன்று ஊரும் எனக்கு ஒன்றுபோலத்தான் தெரிந்தன: முன்னால் போகிறவரின் முதுகு. ஒரு கையில் சூடான ஒயின் குவளை, மறு கையால் கணவரின் கோட்டைப் பிடித்தபடி அங்குலம் அங்குலமாக நகர்ந்திருக்கிறோம். ஊர் இருவருக்கும் கிடைப்பது கடைகள் மூடிய பிறகும், மறுநாள் காலை திறப்பதற்கு முன்பும்தான். அந்த இரண்டு வேளையிலும் கதவைத் திறந்தால் காலடியில் பழைய ஊர் இருக்க வேண்டும். அதற்காக அறைக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம், சாப்பாட்டில் குறைத்துக்கொள்ளலாம். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டது ஸ்ட்ராஸ்பர்க்கில்.

மாப்பிள்ளை ஸ்ட்ராஸ்பர்க் கேட்பதில் தவறே இல்லை. நேரடி ரயில் பிடித்தால் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். 'இல்' என்ற ஆறு சுற்றி ஓடும் தீவுதான் பழைய நகரம். முழுவதும் 1988 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. இங்கே சந்தை 1570-இல் தொடங்கியது. சீர்திருத்தக் கிறிஸ்தவர்கள் கை ஓங்கியிருந்த காலம் அது. புனித நிக்கோலாஸ் பெயரில் நடந்த பழைய சந்தையை நிறுத்திவிட்டுக் குழந்தை இயேசுவின் பெயரில் வைத்தார்கள். 1992 முதல் ஊர் தன்னைக் 'கிறிஸ்துமஸின் தலைநகரம்' என்றே அழைத்துக்கொள்கிறது. ஏறக்குறைய 300 கடைகள் பல சதுக்கங்களில் சிதறிக் கிடக்கின்றன. எல்லாச் சந்தைகளையும் பார்த்துவிட வேண்டும் என்று வரைபடத்தோடு அலைய வேண்டாம். நாலாவது சதுக்கத்தில் அதே மெழுகுவர்த்தி, அதே மரப்பொம்மை.

இந்த ஊரின் உயிர் பேராலயம்தான். சிவந்த மணற்கல், 142 மீட்டர் உயரம். கோபுரம் முடிந்தது 1439-இல். இரண்டாவது கோபுரம் எழவே இல்லை, அதனால் ஒரு தோளை மட்டும் உயர்த்தி நிற்பதுபோல் இருக்கும். 1647 முதல் 1874 வரை உலகிலேயே உயரமான கட்டடம் இதுதான். உள்ளே இருக்கும் வானியல் கடிகாரத்தில் பன்னிரண்டு சீடர்கள் இயேசுவின் முன்னால் ஒவ்வொருவராகக் கடந்துபோவார்கள், மேலே சேவல் மூன்று முறை கூவும். இது நடப்பது மதியம் 12.30-க்கு. ஏன் அரை மணி தாமதம் என்று கணவர் கேட்டுக்கொண்டே இருந்தார். தாமதம் இல்லை, அந்தக் கடிகாரம் இன்னும் ஊரின் சொந்தச் சூரிய நேரத்தில் ஓடுகிறது, நம் கைக்கடிகாரத்தில் 12.30 ஆகும்போதுதான் அதற்கு நண்பகல். ரயில் வந்து, போர் வந்து, அரசுகள் மாறி, எல்லாரும் நேரத்தை மாற்றிக்கொண்டார்கள், அது மட்டும் மாறவில்லை. இதைச் சனிக்கிழமையே பார்த்துவிடுங்கள். ஞாயிறு காலையில் திருப்பலி நடக்கும்.

எங்கள் பிழைக்கு வருகிறேன். டிசம்பரில் தீவுக்குள் அறை வாடகை கண்ணைக் கட்டியது. ரைன் ஆற்றுக்கு அக்கரையில் ஜெர்மன் பக்கம் கேல் என்ற சிற்றூர் இருக்கிறது, 2017 முதல் ஸ்ட்ராஸ்பர்க் டிராம் பாலம் தாண்டி அங்கேயே வருகிறது. மிச்சம் பிடித்தோம் என்று கேலில் அறை எடுத்தோம். சந்தை நாட்களில் தீவுக்குள் சில நிறுத்தங்களில் டிராம் நிற்காமல் போகும், பாலங்களில் பையைச் சோதிப்பார்கள். 2018 டிசம்பரில் சந்தைக்கு அருகே துப்பாக்கிச் சூடு நடந்த ஊர் அது, சோதனை வேண்டியதுதான். ஆனால் இரவு ஒன்பதுக்குக் கூட்டம் கலைந்து, தோல் பதனிடுவோர் வாழ்ந்த பெத்தித் ஃபிரான்ஸ் தெருக்களில் மரச்சட்ட வீடுகள் கால்வாய்த் தண்ணீரில் தலைகீழாகத் தெரியத் தொடங்கிய நேரத்தில், நாங்கள் டிராமுக்காகக் கைகளைத் தேய்த்துக்கொண்டு நின்றோம். மறுநாள் காலை நாங்கள் வந்து சேர்வதற்குள் பேருந்துக் கூட்டமும் வந்துவிட்டது. மிச்சம் பிடித்த காசு எவ்வளவு என்று இப்போது நினைவில்லை, விட்டுப்போன அந்த ஒரு மணி நேரம் நினைவிருக்கிறது.

ஸ்ட்ராஸ்பர்க்குக்கு ஒரு சலுகையும் சொல்ல வேண்டும். அல்சாஸ் வெள்ளை ஒயினில் பட்டை, நட்சத்திர சோம்பு, ஆரஞ்சுத் தோல் போட்டுச் சூடாக்கித் தருகிறார்கள். சிவப்பு ஒயினின் தொண்டைக் காறல் இதில் கிடையாது. ப்ரெடெலே என்ற சிறு பிஸ்கட்டுகளும் நன்றாக இருக்கும். என் கணவர் சைவம். அவருக்கு வந்த சோதனை, ஊரின் பெருமையான தார்த் ஃபிளாம்பே. மெல்லிய ரொட்டியில் கிரீமும் வெங்காயமும் பரப்பிச் சுடுவது, கூடவே பன்றி இறைச்சித் துணுக்குகள் தூவிவிடுவார்கள். காளானும் சீஸும் போட்டது கேட்டால் கிடைக்கும், ஆனால் முன்கூட்டியே தெளிவாகச் சொல்லுங்கள்.

பிராக் முற்றிலும் வேறு. முதலில் தூரம்: ஃபிராங்க்பர்ட்டிலிருந்து ரயிலில் போனால் ஏறக்குறைய ஒரு பகல் கழிந்துவிடும், விமானத்தில் ஒரு மணி நேரம். பழைய நகரச் சதுக்கம், டீன் தேவாலயத்தின் இரட்டைக் கோபுரம், 1410-இல் தொடங்கிய வானியல் கடிகாரம், இவற்றுக்கு நடுவே பெரிய மரம். படம் எடுப்பதற்கென்றே வைத்ததுபோல் இருக்கும். அந்தக் கடிகாரம் மணிக்கொரு முறை ஆடுவதால் ஸ்ட்ராஸ்பர்க்போல் ஒரே வேளைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. எலும்புக்கூடு மணிக்கயிற்றை இழுக்கும், சீடர்கள் ஜன்னலில் தலைகாட்டுவார்கள், முடிந்துவிடும். கூட்டம் "இவ்வளவுதானா?" என்று கலைவதைப் பார்ப்பது தனி வேடிக்கை.

சதுக்கத்தில் எங்கு பார்த்தாலும் திரெதெல்னிக் என்ற சுருள் ரொட்டி சுடும் வாசனை. பிராக் இருக்கும் செக் வட்டாரமான பொஹீமியாவின் பழைய பலகாரம் என்று பலகை மாட்டியிருப்பார்கள். நம்ப வேண்டாம், பிராக் முதியவர்களைக் கேட்டால் எங்கள் சின்ன வயதில் இது ஏது என்பார்கள். உண்மையான செக் கிறிஸ்துமஸைப் பார்க்க வேண்டுமென்றால் 20-ஆம் தேதிக்குப் பிறகு குடியிருப்புத் தெருக்களுக்குப் போங்கள். நடைபாதை ஓரத்தில் நீலத் தொட்டிகளில் கெண்டை மீன்கள் நீந்திக்கொண்டிருக்கும். தென் பொஹீமியக் குளங்களில் வளர்த்தவை. ரப்பர் ஏப்ரன் கட்டிய மீன்காரர் வலையால் ஒன்றை அள்ளி எடை போட்டு, உயிரோடு வேண்டுமா, வெட்டித் தரவா என்று கேட்பார். உயிரோடு வாங்கிப்போய்க் குளியல் தொட்டியில் விட்டுவைக்கும் வீடுகளும் உண்டு. 24 இரவு அந்த மீன் வறுவலும் உருளைக்கிழங்கு சாலடும்தான் விருந்து. ஒரு செதிலைப் பணப்பையில் வைத்துக்கொண்டால் ஆண்டு முழுவதும் காசு தங்குமாம். நாங்கள் பார்த்தபோது வரிசையில் நின்ற பாட்டி ஒருத்தி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மீனை மேலும் கீழும் பார்த்த பார்வை, எங்கள் ஊர் மீன் சந்தையில் அத்தைமார் பார்க்கும் அதே பார்வை.

சார்லஸ் பாலம் பகலில் வேண்டாம். 1357-இல் அடிக்கல் போட்ட பாலம், அரை கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், இருபுறமும் முப்பது சிலைத் தொகுதிகள். திருவருகைக் காலத்தில் மாலை நான்கு மணி வாக்கில் பழங்காலச் சீருடை அணிந்த ஒருவர் நீண்ட கழியோடு வந்து பாலத்தின் எரிவாயு விளக்குகளை ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டு போவார். அந்த நேரத்தில் அவர் பின்னாலேயே ஒரு கூட்டமும் நடக்கும். காலை ஏழரைக்குப் போனீர்கள் என்றால் விடியலும் நீங்களும் மட்டும். மாலா ஸ்ட்ரானா பக்கம், கோட்டைக்குக் கீழே அறை எடுத்தால் இது கைக்கெட்டும் தூரம். மூன்று ஊரிலும் இந்தக் காலத்தில் இரவுத் தனிமைக்கு ஏற்றது பிராக்தான், மறுக்க மாட்டேன். கணவருக்கும் சிரமம் இல்லை, பொரித்த சீஸும் உருளைக்கிழங்கு அடையும் கிடைத்தன. பணம் மட்டும் கவனம்: அங்கே யூரோ இல்லை, கொருனா. தெருவோரப் பணமாற்றுக் கடைகளை விட்டுவிட்டு வங்கியின் இயந்திரத்தில் எடுங்கள். யூரோவில் கணக்குப் போடவா என்று அது கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள். பாஸ்போர்ட்டும் குடியிருப்பு அட்டையும் கையில் இருக்கட்டும். ஸ்ட்ராஸ்பர்க்குக்கும் இது பொருந்தும்.

இனி என் கட்சி. நியூரம்பர்க் ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல், நாள் முழுவதும் வண்டி உண்டு. நிலையத்தை விட்டு வெளியே வந்து சாலையைத் தாண்டினால் எதிரே கோட்டைச் சுவர். அதற்குள் எங்கே அறை எடுத்தாலும் நடை தூரம்தான், டிராம் கணக்கு வேண்டாம். சந்தையும் சிதறிக் கிடக்காது. ஹவுப்ட்மார்க்ட் சதுக்கத்தில் ஏறக்குறைய 180 கடைகள், எல்லாவற்றுக்கும் சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட துணிக் கூரை. மரத்தாலும் துணியாலும் ஆன குட்டி நகரம் என்று ஊரார் சொல்வது சரியான பெயர். இப்படி ஒரு சந்தை நடந்ததற்கு நமக்குக் கிடைத்திருக்கும் பழைய சாட்சி, 1628 என்று எழுதிய ஒரு மரச்செப்பு. அதே ஊரின் ஜெர்மானிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சந்தையின்போது ஒருவருக்கு அனுப்பிய பரிசு அது.

சந்தையைத் திறந்துவைப்பது அமைச்சர் யாரும் இல்லை, பள்ளி வயதைத் தாண்டாத ஒரு பெண். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஊர்ப் பெண்களில் ஒருத்தியைக் 'கிறிஸ்ட்கிண்ட்' (குழந்தை இயேசு) ஆகத் தேர்ந்தெடுக்கிறார்கள். 1969 முதல் இந்த முறை. பொன் கிரீடமும் சிறகுபோல் விரியும் உடையுமாக மாதா கோயிலின் மாடத்தில் நின்று அவள் வரவேற்புப் பா சொன்ன பிறகுதான் விளக்குகள் எரியும். முதல் திருவருகை ஞாயிறுக்கு முந்திய வெள்ளிக்கிழமை மாலை அது. அழகான காட்சி, ஆனால் அந்த ஒரு நாளைத் தவிர்த்துவிடுங்கள், மூச்சு விட இடமிருக்காது.

மதியம் பன்னிரண்டுக்கு அதே கோயில் முகப்பில் இன்னொரு கடிகாரம் ஆடும். 1509 முதல் ஓடுவது: நடுவில் புனித ரோமானியப் பேரரசர் நான்காம் சார்லஸ், அவரைச் சுற்றி ஏழு தேர்வாளர்கள் மும்முறை வலம் வருவார்கள். பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் முறையை வகுத்த 1356-ஆம் ஆண்டு ஆணையின் நினைவு. பிராக் பாலத்துக்கு அடிக்கல் போட்டவரும் இவர்தான். அங்கே நிற்கும்போது இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். இந்தச் சதுக்கம் யூதர்களின் குடியிருப்பாக இருந்தது. 1349-இல் அவர்களில் ஐநூறுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்று, வீடுகளை இடித்துச் சந்தைவெளி ஆக்கினார்கள். தொழுகைக் கூடம் இருந்த இடத்தில் எழுந்ததுதான் அந்த மாதா கோயில். சார்லஸ் அதற்கு முன்கூட்டியே ஒப்புதல் கொடுத்திருந்தார். அது தெரிந்த பிறகு கடிகாரப் பொம்மைகள் குனிந்து சுற்றுவதைக் கை தட்டி ரசிக்க முடியவில்லை என்னால்.

தங்கை பயந்த 'விசாரணை ஊர்' விஷயத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். 1945 ஜனவரி 2 இரவு குண்டுவீச்சில் பழைய நகரத்தின் பெரும்பகுதி நொறுங்கிவிட்டது. இன்று பார்ப்பதில் பெரும்பகுதி, அதே தெருக்கோட்டில் திரும்பக் கட்டியது. ஆகவே கல்லுக்குக் கல் பழமைதான் வேண்டும் என்பவர்கள் பிராக்குக்கோ ஸ்ட்ராஸ்பர்க்குக்கோதான் போக வேண்டும். ஆனால் தப்பிப் பிழைத்தவை சில உண்டு. வைஸ்கெர்பர்காஸே என்ற தோல் தொழிலாளர் தெரு ஒன்று. 1509 முதல் 1528-இல் இறக்கும் வரை ஓவியர் டியூரர் வாழ்ந்த வீடு ஒன்று. இந்தக் காலத்துக்கென்றே அமைந்ததுபோல் லோரென்ஸ் கோயிலில் ஒரு சிற்பம்: மரியாளுக்குத் தேவதூதர் செய்தி சொல்லும் காட்சி, ஃபைட் ஷ்டோஸ் 1518-இல் மரத்தில் செதுக்கியது, பலிபீடத்துக்கு மேலே தொங்குகிறது. சுற்றிலும் ரோஜா மாலை. போர்க்காலத்தில் கோட்டைக்குக் கீழே பாறை குடைந்த நிலவறையில் பத்திரப்படுத்திக் காப்பாற்றினார்கள். நாங்கள் போன மாலையில் உள்ளே பத்துப் பேர் இருந்திருப்போம். வெளியே சந்தை இரைந்துகொண்டிருந்தது.

அந்த விசாரணை நடந்த 600-ஆம் எண் நீதிமன்ற அறை பழைய நகரத்துக்கு வெளியே இருக்கிறது; பார்ப்பதும் விடுவதும் உங்கள் விருப்பம். நான் பார்த்தேன். ஒரு பிற்பகல் போகும், மனமும் கொஞ்சம் கனக்கும். புதுமணத் தம்பதிக்கு இரண்டாவது பயணத்தில் போதும்.

சாப்பாட்டில்தான் இந்த ஊருக்குக் கொஞ்சம் குறை. பேர்போனது விரல் நீளச் சாசேஜ், ஏழிலிருந்து ஒன்பது சென்டிமீட்டர்தான் இருக்க வேண்டும் என்று சட்டமே உண்டு. மூன்றை ஒரு ரொட்டிக்குள் வைத்துத் தருவார்கள். மாப்பிள்ளைக்குக் கொண்டாட்டம். சைவக்காரருக்கு உருளைக்கிழங்கு அடை, சீஸ் போட்ட ஷ்பேட்ஸ்லே என்ற முட்டை நூடுல்ஸ், சுட்ட கொட்டை, அவ்வளவுதான். ஆனால் லெப்கூகன் என்ற மசாலா பிஸ்கட் இருக்கிறதே! எலிசன் வகை என்றால் பருப்புக் கொட்டைகள் கால் பங்காவது இருக்க வேண்டும், மாவு பத்து சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. வாயில் போட்டால் பட்டை, கிராம்பு, ஏலம், கொத்தமல்லி விதை. இந்த மசாலா இங்கே எப்படி வந்தது என்பதற்கு நம் பக்கத்துத் தொடர்பு ஒன்று உண்டு: மலபார் மிளகு வெனிஸ் வழியாக வந்து குவிந்த ஊர்களில் இது ஒன்று. 1505-இல் போர்ச்சுகல் கப்பற்படை இந்தியாவுக்குப் புறப்பட்டபோது முதலீடு போட்டவர்களில் நியூரம்பர்க் வணிகக் குடும்பங்களும் இருந்தன. பணக்கார வியாபாரியை 'மிளகு மூட்டை' என்று ஏசுவது ஜெர்மன் மொழியில் இன்றும் உண்டு. நம் ஊர் மிளகு அவர்களுக்கு வசவாகவும் பயன்பட்டிருக்கிறது.

ஒயின் குவளைக்கு முன்பணம் வாங்குவார்கள், திருப்பிக் கொடுத்தால் காசு வரும். ஆண்டுதோறும் குவளையின் படம் மாறும். கணவர் எங்கள் குவளையைத் திருப்பித் தர மறுத்துவிட்டார். இப்போது எங்கள் சமையலறையில் கடுகு போட்டு வைத்திருக்கிறோம்.

இரவு ஒன்பதுக்குத் துணிக்கூரைகளைச் சுருட்டிக் கட்டும் சத்தம் ஓய்ந்தது. கோட்டை வரை ஏறினோம். மேலே எங்களைத் தவிர, நாயோடு வந்த ஒரு முதியவர். கீழே ஓட்டுக்கூரைகள், இரண்டு கோயில்களின் இரட்டைக் கோபுரங்கள், புகைபோக்கிகள். கால் விறைத்துப்போய் இறங்கிவந்தோம், அறை எட்டு நிமிட நடையில் இருந்தது.

இதையெல்லாம் கேட்டுவிட்டுத் தங்கை, "அப்படியென்றால் எங்களுக்கு லீவு இரண்டாம் வாரம்தானே, நியூரம்பர்க்கா?" என்றாள். ஆமாம் என்றேன், முடிந்தால் வெள்ளிக்கிழமைக்குப் பதிலாக வியாழன் மாலையே கிளம்பச் சொன்னேன், சனிக்கிழமைக் கூட்டத்துக்கு முன் ஒரு முழு நாள் கிடைக்கும். ஸ்ட்ராஸ்பர்க்கை விடுமுறை இல்லாத ஏதாவது செவ்வாய், புதனில் தீவுக்குள்ளேயே தங்கிப் பார்த்துக்கொள்ளலாம். பிராக் அவளுடைய ஆசை, அதை ஒரு ஜனவரி முதல் வாரத்துக்கு ஒதுக்கிவைத்திருக்கிறாள். மாப்பிள்ளைக்குக் கொஞ்சம் வருத்தம்தான், சாசேஜ் கதையைச் சொன்ன பிறகு சமாதானமாகிவிட்டாராம்.

நேற்று அறை போட்டுவிட்டதாகச் செய்தி வந்தது, சுவருக்குள்ளேதான். எனக்கு ஒரு டப்பா லெப்கூகன் வாங்கிவரச் சொல்லியிருக்கிறேன். எலிசன் என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்கு, மாவு உருண்டையைத் தலையில் கட்டிவிடுவார்கள் என்றும் சொல்லிவைத்தேன்.